எதற்கும் ‘சரி’ சொல்லிவிடுகிறவர் கொழும்புக்கு வேலைக்கு வந்தால்

மன்னாரிலிருந்து நான் கொழும்புக்கு வந்த இரவு, பஸ் புறப்படுமுன் அம்மா சொன்னது ஒன்றுதான்: “ஒருவரையும் எதிர்த்துப் பேசாதே பிள்ளை.” நான் பேசவில்லை. முதல் 2 வருடங்களில் என் கையை விட்டுப் போனது 189,500 ரூபாய். சம்பளமில்லாமல் வேலை செய்த மாலைநேரங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எதிரில் நிற்பவரின் முகம் கொஞ்சம் சுருங்கினாலே ‘சரி’ என்று சொல்லிவிட்டு, இரவில் தூக்கம் வராமல் புரள்கிறவரா நீங்கள்? இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். ஊரில் இதை அடக்கம் என்று சொல்லி மெச்சுவார்கள். அடக்கம் நல்ல குணம், அதை விட்டுவிடச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ‘முடியாது’ என்று சொல்ல வழியிருந்தும் விரும்பி விட்டுக்கொடுப்பது ஒன்று. சொல்ல நா எழாமல் அடங்கிப்போவது வேறொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

கொழும்பில் இந்தக் குணத்தின் விலையைத் தாள்கள்தான் வசூலிக்கின்றன. அட்வான்ஸ், நியமனக் கடிதம், பிணைப் படிவம், வாசிக்கத் தெரியாத வாக்குமூலம் எல்லாமே தாள். ஆகவே காப்பாற்றிக்கொள்ளும் வழியும் தாளில்தான் தொடங்குகிறது.

1. முதல் வாரம்: ஒரு கொப்பி வாங்குங்கள்

80 பக்கக் கொப்பி போதும். இரவில் 10 நிமிடம் ஒதுக்குங்கள். அன்று நீங்கள் ‘சரி’ சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் நான்கு விடயங்களை எழுதுங்கள்: யாரிடம் சொன்னீர்கள், எதற்குச் சொன்னீர்கள், அந்த நேரம் உடம்பு என்ன செய்தது, அதனால் எவ்வளவு பணம் அல்லது நேரம் போனது.

உடம்பைப் பற்றிய குறிப்பை விட்டுவிடாதீர்கள். எனக்கு முதலில் தொண்டை வறளும், பிறகு சிரிப்பு வரும். பயத்தில் வரும் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எதிரில் இருப்பவர் நான் மனமொத்துச் சம்மதித்ததாக நினைத்துக்கொள்கிறார் என்பது எனக்கு விளங்கவே 5 நாள் எடுத்தது.

7 நாள் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். என் கொப்பியில் 31 ‘சரி’ இருந்தன. அவற்றில் விருப்பமில்லாமல் சொன்னவை 12. அந்த 12இல் 8 இரண்டே பேரிடம் சொன்னவை: ஒருவர் அலுவலக மேலாளர், மற்றவர் நான் வாடகைக்கு அறை எடுத்திருந்த போடிங் வீட்டு அம்மா. கொப்பியை எழுதுமுன் ‘நான் எல்லோருக்கும் அடங்குகிறவள், என் பிறவிக்குணமே இதுதான்’ என்று நம்பியிருந்தேன். தாள் வேறு கணக்குக் காட்டியது.

1950களிலிருந்து உளவியலாளர்கள் மனித உறவுகளை இரண்டு அச்சுகளில் வைத்துப் பார்க்கிறார்கள். ஓர் அச்சின் ஒரு முனையில் ஆதிக்கம், மறு முனையில் அடங்குதல். அதைக் குறுக்கே வெட்டும் மற்ற அச்சில் அன்பும் பகையும். இவை தனித்தனி அச்சுகள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேலுள்ள அன்பு அப்படியே இருக்க, அவருக்கு அடங்குவதை மட்டும் குறைக்கலாம். எனக்குப் பெரிய தடையாக இருந்தது, ‘மறுத்தால் கெட்டவளாகிவிடுவேன்’ என்ற நினைப்புத்தான்.

2. பதிலை அந்த இடத்திலேயே சொல்லாதீர்கள்

நம்மைப் போன்றவர்களுக்கு எதிரில் ஓர் ஆள் நிற்பதே பாரம். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகள் இதைக் காட்டின. இன்னொரு மனிதருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிறோம் என்று நம்பியபடியே, கட்டளைக்கு அடங்கி உச்சபட்ச அளவான 450 வோல்ட் வரை போனவர்கள் 40 பேரில் 26 பேர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது. அதே கட்டளை தொலைபேசியில் வந்தபோது கடைசிவரை போனவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர்தான். கட்டளை மாறவில்லை, கட்டளையிட்டவர் அறையில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே உங்கள் முதல் இலக்கு ‘முடியாது’ என்று சொல்வது அல்ல. அது பிறகு வரட்டும். ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அந்த அறையை விட்டு வெளியே வந்தால் போதும். இந்த மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள்:

“யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் சேர்.”
“வீட்டில் ஒருதரம் கேட்க வேண்டும் அக்கா.”
“தாளைத் தாருங்கள், வாசித்துவிட்டுத் தருகிறேன்.”

சிங்களத்தில் கேட்பவருக்கு “ஹெட்ட கியன்னம்” என்றால் போதும். நாளைக்குச் சொல்கிறேன் என்று அர்த்தம். கண்ணாடிக்கு முன் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தது தேவைப்படும் நேரத்தில் வாய்க்கு வராது.

மறுநாள் பதிலைக் குறுஞ்செய்தியாகவோ கடிதமாகவோ அனுப்புங்கள். இரண்டு வரி போதும். காரணங்களை அடுக்காதீர்கள். நீங்கள் மூன்று காரணம் சொன்னால் அவர் மூன்றுக்கும் ஒவ்வொரு தீர்வு சொல்வார். கடைசியில் ‘சரி’ சொல்வதைத் தவிர வழி இருக்காது.

ஓர் எச்சரிக்கை: “இப்போதே முடிவு சொல்ல வேண்டும், வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்” என்று ஒருவர் சொன்னால், அந்த இரண்டு பேருக்கும் வழிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

3. சின்ன இடத்தில் பழகுங்கள்: இரண்டாவது, மூன்றாவது வாரம்

மேலாளரிடம் போய்த் தொடங்க வேண்டாம். நான் காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொடங்கினேன். கொண்டக்டர் மீதி 20 ரூபாயைத் தராமல் முன்னால் போய்விட்டார். அதுவரை எத்தனையோ 20 ரூபாயை அப்படியே விட்டிருக்கிறேன். அன்று பம்பலப்பிட்டியில் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு “மீதிக் காசு” என்றேன். குரல் உடைந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், விரலிடுக்கில் மடித்து வைத்திருந்த தாள்களில் ஒன்றை உருவி நீட்டினார். கோபம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. நான் அத்தனை நாள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானா என்று கண் கலங்கியது.

இப்படி நாளுக்கு ஒன்று. மரக்கறிக் கடையில் அடிபட்ட தக்காளியை மாற்றித் தரக் கேட்பது, சாப்பாட்டுக் கடையில் தவறி வந்ததைத் திருப்பி அனுப்புவது, முன்னால் புகுந்தவரிடம் “வரிசை பின்னால்” என்பது. தோற்றாலும் கொப்பியில் எழுதுங்கள்.

4. போடிங்: பணம் கைமாறுமுன்

வெள்ளவத்தையில் என் முதல் போடிங்கில், வீட்டு அம்மா தேத்தண்ணீர் தந்து, “நீயும் என் மகள் மாதிரித்தான்” என்று சொல்லி, 60,000 ரூபாய் அட்வான்ஸை எண்ணி வாங்கினார். மகள் மாதிரி என்று சொன்னவரிடம் பற்றுச்சீட்டுக் கேட்க எனக்கு நா எழவில்லை. 14 மாதம் கழித்து வெளியேறியபோது, அப்படி ஒரு தொகை வாங்கியதே நினைவில்லை என்றார். காட்ட என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு: அட்வான்ஸையும் வாடகையையும் பணமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் ‘அட்வான்ஸ்’ அல்லது மாதத்தின் பெயரைப் போடுங்கள். வங்கியின் பதிவே உங்கள் பற்றுச்சீட்டு. பணமாகத்தான் வேண்டும் என்றால், திகதி, தொகை, எதற்கான பணம், திருப்பித் தரவேண்டியதா என்ற நான்கும் எழுதிய தாளை நீங்களே தயாரித்துக்கொண்டு போய் நீட்டுங்கள். வெறுங்கையோடு கேட்பதைவிடத் தாளை நீட்டுவது எளிது.

வெளியேற எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும், மின்சார, தண்ணீர்க் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் செலவை யார் ஏற்பது ஆகிய மூன்றையும் பணம் கொடுக்குமுன் பேசிவிட்டு, அன்றிரவே குறுஞ்செய்தியில் அனுப்பி வையுங்கள்: “இன்று பேசிக்கொண்டபடி...” என்று தொடங்கினால் போதும். அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி கேட்டால், அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் எழுதிக் கொடுங்கள். அசல் அட்டையை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

5. வேலை: ‘பிறகு தருகிறோம்’ என்ற கடிதம்

புறக்கோட்டையில் நான் சேர்ந்த இடத்தில் நியமனக் கடிதம் ‘பிறகு’ வரும் என்றார்கள். 9 மாதம் கேட்காமலே இருந்தேன். கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்வோருக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழமையான வேலை. அதற்கு மேல் செய்தால் மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கிடைக்க வேண்டும். ‘குடும்பம் மாதிரி வேலை செய்கிறோம்’ என்ற பேச்சு இந்தக் கணக்கை மாற்றாது.

அடுத்தது ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி (EPF). உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படும். முதலாளி 12 சதவீதம் சேர்க்க வேண்டும். சம்பளம் 50,000 என்றால் உங்கள் பங்கு 4,000, அவருடையது 6,000. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் 3 சதவீதம், அதாவது 1,500, தம் கையிலிருந்து கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. என் சம்பளச் சீட்டில் 8 சதவீதம் ஒழுங்காகக் கழிந்துகொண்டிருந்தது. நிதியில் என் பெயரே இருக்கவில்லை.

சேர்ந்த முதல் மாதமே அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். நேரில் கேட்க முடியாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள்: “என் கோவைக்காக நியமனக் கடிதத்தின் பிரதியும் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கமும் தேவைப்படுகின்றன.” கோவைக்காக என்று எழுதினால் சண்டைக்கு வந்தது போல் இருக்காது, பதிவும் இருக்கும். கல்விச் சான்றிதழ்களின் அசலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

முறைப்பாடு செய்ய நேர்ந்தால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், சம்பளம் விழுந்த வங்கிக் கூற்று, வேலை தொடர்பாக வந்த குறுஞ்செய்திகளின் அச்சுப்பிரதி, வேலை செய்த நேரத்தை நீங்களே குறித்த கொப்பி ஆகியவற்றை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோங்கள். அரைநாள் லீவு போதாது, முழுநாள் எடுங்கள்.

6. பிணைக் கையெழுத்து

என் பணத்தில் பெரும்பகுதி போனது இங்கேதான், ஆகவே இதை நிதானமாக வாசியுங்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம். கையில் இன்னும் சோற்றின் ஈரம். கூட வேலை செய்த ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்து, படிவத்தை என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பேனாவின் மூடியையும் அவரே திறந்துவிட்டார். “சும்மா ஒரு பெயருக்குத்தான் தங்கச்சி. வங்கியில் இரண்டு பேர் வேண்டுமாம்.” மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். நான் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அவர் 6ஆம் மாதம் வேலையை விட்டுப் போனார். அவருடைய கடனை மாதம் 18,500 வீதம் 7 மாதம் நான் கட்டினேன்: 129,500.

‘பெயருக்கு’ என்று ஒரு பிணையே கிடையாது. கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும். நீங்கள் பிணை நின்ற விபரம் இலங்கைக் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் ஏறும்; பிற்காலத்தில் நீங்கள் கடன் கேட்கும்போது வங்கி அதையும் பார்க்கும். நினைத்தபோது விலகவும் முடியாது.

ஒருவர் ‘ஒரு சின்ன உதவி’ என்று சொல்லி உங்கள் அடையாள அட்டைப் பிரதி, சம்பளச் சீட்டு, வேலைத்தலக் கடிதம் மூன்றையும் சேர்த்துக் கேட்டால், அநேகமாக அது பிணைதான். அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் இந்த மூன்று தாள்களை வைத்து அடையாளம் காணுங்கள்.

மறுக்கும் வாக்கியத்தை முன்கூட்டியே ஒரு விதியாக்கி வையுங்கள்: “நான் யாருக்கும் பிணைக் கையெழுத்துப் போடுவதில்லை அண்ணா.” யாருக்கும் என்ற சொல்தான் இங்கே உதவுகிறது. அவரை நம்பவில்லை என்று ஆகாது. அவர் பேரம் பேசவும் இடமில்லை. உதவ மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுங்கள். நான் இப்போது 5,000 என்று வைத்திருக்கிறேன்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இன்றே வங்கிக்குப் போய், நீங்கள் கையெழுத்திட்ட ஆவணத்தின் பிரதியையும் கடனின் தற்போதைய நிலுவையையும் எழுத்தில் கேளுங்கள். நான் முதல் அறிவித்தல் வரும்வரை காத்திருந்தேன். அதற்குள் நிலுவை ஏறிவிட்டது.

7. வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து

1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆனாலும் கொழும்பு அலுவலகங்களில் சிங்களப் படிவம்தான் முதலில் கையில் வரும். தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். பொலிஸ் வாக்குமூலம் புரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்து விளக்கும்வரை கையெழுத்திடாமல் இருங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். எந்த அலுவலகத்துக்கு என்ன ஆவணம் தேவை என்பதை அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 தொலைபேசி இலக்கத்தில் தமிழில் கேட்டுவிட்டுப் போனால் பாதிப் பதற்றம் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

8. அடிக்கிறவரிடம் இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள்

மேலே சொன்னவை எல்லாம், மறுத்தால் முகம் சுளிக்கும் மனிதர்களுக்கானவை. மறுத்தால் கை ஓங்குகிற, தொலைபேசியைப் பறிக்கிற, அறையில் பூட்டுகிற கணவனிடமோ உறவினரிடமோ நீங்கள் அடங்கிப்போனால் அது குணக்குறை இல்லை. உயிரோடு இருக்க உடம்பு கண்டுபிடித்த வழி அது. அங்கே துணிந்து எதிர்த்து நிற்கச் சொல்லும் எவருடைய ஆலோசனையையும் கேட்க வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடம்.

பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாளுக்குக் கிடைக்கும், தேவைப்பட்டால் நீட்டுவார்கள். முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். குறைந்த வருமானமுள்ளவர்களுக்குப் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது. அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருத்துவத் தாள்கள் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தொலைபேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். முதலில் பறிபோவது அதுதான்.

9. எவ்வளவு நாள், எவ்வளவு செலவு, யார் துணை

எனக்கு ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்பது தடுமாறாமல் வர 3 வாரம் ஆனது. மேலாளரிடம் ஒரு மாலை “இன்று 5 மணிக்குப் போக வேண்டும் சேர்” என்று சொல்ல 4 மாதம் ஆனது. இடையில் இரண்டு தடவை பழையபடி வழுக்கினேன். செலவு என்று பார்த்தால் கொப்பி, ஒரு கோவை, போட்டோக்கொப்பிகள், பஸ் காசு, அவ்வளவுதான்.

மனம் இருண்டு கிடக்கிறது, தூக்கமும் பசியும் போய்விட்டன என்றால் கொப்பியோடு நின்றுவிடாதீர்கள். 1926 தேசிய மனநல உதவித் தொலைபேசி. ஹோர்ட்டன் பிளேசில் உள்ள சுமித்ரயோ என்ற தொண்டு நிறுவனத்தில் கட்டணமில்லாமல் ஒருவர் உட்கார்ந்து கேட்பார். அரசாங்க மருத்துவமனைகளின் மனநலக் கிளினிக்குகளும் இலவசம். தனியார் ஆலோசகரிடம் போவதென்றால், ஒரு தடவைக்கு எவ்வளவு, தமிழில் பேசுவாரா என்ற இரண்டையும் தொலைபேசியிலேயே கேளுங்கள். அதுவும் ஒரு பயிற்சிதான்.

பெரிய தாளில் கையெழுத்திடும் நாளில் தனியாகப் போகாதீர்கள். 1950களில் உளவியலாளர் சொலமன் ஆஷ் செய்த சோதனைகளில், சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தவறான பதிலைச் சொன்னபோது அதையே தாங்களும் சொன்னவர்கள் பலர். கூட ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னதும் அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை, பக்கத்து அறை அக்கா போதும்.

இரண்டாவது போடிங்குக்கு நான் பேசப் போனபோது அப்படி ஓர் அக்கா வந்தார். தெஹிவளையில் நல்ல மழை. அவர் உள்ளே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கதவருகே நனைந்த குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் பணத்தை எண்ணி முடித்தார். நான் பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்து, “இதில் ஒரு கையெழுத்து வேண்டும் ஐயா” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாசித்துப் பார்த்து, திகதி தவறு என்று திருத்திவிட்டுக் கையெழுத்திட்டார்.